கொடைப் பாட்டு கம்ப்யூட்டருக்கு வரமாட்டேங்கா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சித்திரை பிறந்து ஆடி முடிகிற வரைக்கும் எங்கள் பக்கம் ஏதாவது ஓர் ஊரில் கொடை, அதாவது கோயில் திருவிழா, நடந்துகொண்டேதான் இருக்கும். அந்த மாதங்களில் எனக்கு வருகிற போன்களும் ஏறக்குறைய ஒன்றுதான். "மருமவனே, ஒயர மாட்டியாச்சு, பேட்டரி ஏறுது, பாட்டு மட்டும் வரமாட்டேங்கு." பேசுவது மாமா. சுடலைமாடன் கோயில், இசக்கி கோயில் என்று எங்கே வில்லுப்பாட்டு நடந்தாலும் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவார், விடிய விடியப் பதிவு செய்வார், மறுநாள் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்குள் என் உயிரை எடுப்பார். எனக்குக் கடை எதுவும் கிடையாது, பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிற வேலை. சொந்தக்காரர்களுக்கு அது போதும்.

என்ன கோளாறு என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது, என்ன தெரிகிறது என்று கேட்டால் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அதனால் இதை அறிகுறிப்படியே எழுதுகிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அங்கே போய்விடலாம். ஆனால் ‘எல்லாம் அழிந்துபோச்சு’ என்ற கடைசிப் பகுதியை மட்டும் அழிவதற்கு முன்னாலேயே படித்துவிடுங்கள்.

"சார்ஜ் ஏறுது, ஆனா கம்ப்யூட்டர்ல ஒண்ணும் காட்டலை"

பத்துக்கு ஏழு தடவை கேபிள்தான். சாதாரண யூ.எஸ்.பி. கேபிளுக்குள் நான்கு கம்பிகள் உண்டு, இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. பஸ் ஸ்டாண்டு வாசலில் ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கிற சில கேபிள்களில் தகவல் கம்பி இரண்டும் இருக்கவே இருக்காது, சார்ஜுக்கு மட்டுமே செய்தது. வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. எனவே டிரைவர், வைரஸ் என்று எதையும் யோசிப்பதற்கு முன்னால் டேப்லெட்டோடு பெட்டியில் வந்த கேபிளைத் தேடி எடுத்து மாட்டிப் பாருங்கள். அது எலி கடித்துக் கிடந்தால், வேறொரு போனில் ஃபைல் ஏற்றி இறக்கிப் பழகிய கேபிளை யாரிடமாவது வாங்கிச் சோதியுங்கள்.

கேபிள் சரி என்றால் அடுத்தது டேப்லெட்டின் திரை. ஆண்ட்ராய்டு 6 வந்ததிலிருந்து, ஒயரை மாட்டினால் டேப்லெட் தானாகச் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், உள்ளே எட்டிப்பார்க்க விடாது. பூட்டைத் திறந்து, மேலிருந்து விரலால் இழுத்தால் ‘யூ.எஸ்.பி. வழியாகச் சார்ஜ் ஆகிறது’ என்று ஓர் அறிவிப்பு இருக்கும், அதைத் தொட்டு ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் இதைச் செய்யத்தான் வேண்டும். மாமாவுக்கு இதை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. ஐபேட் என்றால் ‘இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா’ என்று ஒரு கேள்வி வரும், நம்பலாம் என்று சொல்லி ஐபேடின் கடவு எண்ணையும் போட வேண்டும். அவசரத்தில் ‘வேண்டாம்’ என்று தொட்டுவிட்டால் உருவி மறுபடி மாட்டுங்கள், மறுபடி கேட்கும்.

இவ்வளவுக்கும் மசியவில்லையா, கம்ப்யூட்டர் பெட்டியின் முன்பக்கத் துளையை விட்டுவிட்டுப் பின்பக்கத் துளையில் நேரடியாக மாட்டுங்கள். நடுவில் ஹப் (ஒரு துளையைப் பலவாக்குகிற பெட்டி) இருந்தால் கழற்றிவிடுங்கள். விண்டோஸின் பெயரோடு ‘என்’ என்ற எழுத்து ஒட்டியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள், அந்த வகையில் மீடியா சம்பந்தப்பட்ட பகுதிகளே இருக்காது, ‘மீடியா ஃபீச்சர் பேக்’கைத் தனியாகப் போட்டால்தான் ஆண்ட்ராய்டு டேப்லெட் தெரியும். வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய லேப்டாப்பில் இப்படி ஒன்றைப் பார்த்து ஒரு மதியம் முழுக்க மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். மேக் கம்ப்யூட்டருக்கு ஆண்ட்ராய்டோடு பேசவே தெரியாது, ஓப்பன்எம்டிபி மாதிரி ஒரு செயலி போட்டுக்கொள்ள வேண்டும்.

"டேப்லெட் பேரு வருது, திறந்தா காலியா இருக்கு"

திரை பூட்டியிருக்கிறது. திறந்துவிட்டு ஒயரை உருவி மாட்டுங்கள். பெரும்பாலும் இதோடு முடிந்தது.

"நேத்து எடுத்தது டேப்லெட்ல ஓடுது, கம்ப்யூட்டர்ல அந்த ஃபைலே இல்லை"

இது கொஞ்சம் விளக்க வேண்டிய விஷயம். ஆண்ட்ராய்டு டேப்லெட்டை மாட்டும்போது அது பென்டிரைவ் மாதிரித் திறப்பதில்லை. எம்.டி.பி. என்ற முறையில், ‘என்னிடம் இன்னின்ன இருக்கிறது’ என்று டேப்லெட் ஒரு பட்டியல் கொடுக்கும், கம்ப்யூட்டர் அதைத்தான் பார்க்கும். ரேஷன் கடைப் பலகையில் எழுதியிருப்பதுதான் நமக்குத் தெரியும், உள்ளே மூட்டை இருப்பது தெரியாது, அதுபோல. புதிதாக வந்த ஃபைல் அந்தப் பட்டியலில் ஏறத் தாமதமானால் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது பிறக்கவே இல்லை. டேப்லெட்டை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டு மாட்டுங்கள், பட்டியல் புதிதாக எழுதப்படும்.

தலைகீழாகவும் நடக்கும். கம்ப்யூட்டரிலிருந்து ஏற்றிய பாட்டு டேப்லெட்டின் ஃபைல் பட்டியலில் இருக்கும், பாட்டு போடுகிற செயலியில் மட்டும் வராது. அதற்கும் மேலே சொன்னதே மருந்து. அப்போதும் வரவில்லை என்றால் அந்த ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கி ‘நோமீடியா’ என்ற பெயரில் ஒரு வெற்று ஃபைல் ஒளிந்திருக்கிறதா பாருங்கள். அது இருக்கிற ஃபோல்டரைப் பாட்டுச் செயலியும் படச் செயலியும் திரும்பியே பார்க்காது. பழைய போனிலிருந்து ஃபோல்டரோடு அப்படியே அள்ளிப் போட்டவர்களுக்கு இது அடிக்கடி வரும்.

வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைத் தேடுகிறவர்கள் தேடுகிற இடம் தப்பு. ஆண்ட்ராய்டு 11 காலத்திலிருந்து அது ‘ஆண்ட்ராய்டு’ ஃபோல்டருக்குள் ‘மீடியா’, அதற்குள் ‘காம்.வாட்ஸ்அப்’ என்ற ஃபோல்டர், அதற்கும் உள்ளே என்று கோயில் பிரகாரம் மாதிரிச் சுற்றிப் போனால்தான் கருவறை.

"ஏறிக்கிட்டே இருந்தது, பாதியில நின்னுட்டு"

எந்த ஃபைலில் நின்றது, அது எவ்வளவு பெரியது என்று முதலில் பாருங்கள். முழு எச்.டி. வீடியோவை நொடிக்கு 17 மெகாபிட் கணக்கில் பதிவு செய்தால் நிமிடத்துக்கு 127 எம்.பி. போல வரும், அரை மணி நேரம் தாண்டியதும் ஒரே ஃபைல் 4 ஜி.பி.யைத் தொட்டுவிடும். முத்துப்பட்டன் கதையை அரை மணி நேரத்தில் பாடி முடிக்கிற வில்லுப்பாட்டுக்காரர் எவரும் இல்லை. நீங்கள் கொண்டுபோய்ப் போடுகிற பென்டிரைவோ மெமரி கார்டோ ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்ததாக இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை அது ஏற்காது, 100 ஜி.பி. காலியாக இருந்தாலும் ஏற்காது. ‘இடம் போதாது’ என்று வேறு சொல்லி நம்மைக் குழப்பும். உள்ளே இருப்பதை வேறெங்காவது எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

சின்ன ஃபைலிலேயே நிற்கிறது என்றால் மூன்று காரணங்களைப் பாருங்கள். கம்ப்யூட்டர் நடுவில் தூங்கப் போயிருக்கலாம். கேபிள் முனை ஆடலாம். அல்லது ஏற்றிக்கொண்டிருக்கும்போதே அதே டேப்லெட்டில் யாராவது வீடியோவை ஓடவிட்டுப் பார்த்து, ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து மூடி வேலை கொடுத்திருக்கலாம். எம்.டி.பி.க்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் ஓடும். இருநூறு ஃபைலை ஒரேயடியாக அள்ளிப் போடாமல் இருபது இருபதாகப் போடுங்கள், நின்றாலும் எங்கே நின்றது என்று தெரியும். மின்சாரம் போய் நின்றிருந்தால் கடைசியாக ஏறிய ஃபைலை நம்பவே கூடாது. பெயர் இருக்கும், உள்ளே பாதிதான் இருக்கும். இரண்டு பக்கமும் அளவை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் டேப்லெட்டில் அழிக்க வேண்டும்.

ஐபேடிலிருந்து விண்டோஸுக்குப் படம் எடுக்கும்போது, இணைத்த சாதனம் வேலை செய்யவில்லை என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றால் ஐபேட் கெட்டுப்போய்விட்டதாக நினைக்க வேண்டாம். ஐபேட் படங்களை ஹெச்.இ.ஐ.சி. வடிவில் வைத்திருக்கிறது, அனுப்பும்போது ஜேபெக்காக மாற்றி மாற்றி அனுப்பப் பார்க்கிறது, அந்த மாற்றத்தில்தான் சிக்குகிறது. செட்டிங்ஸில் போட்டோஸ் பகுதிக்குப் போனால் கீழே ‘மேக் அல்லது பி.சி.க்கு மாற்று’ என்று ஓர் இடம் இருக்கும், அங்கே ‘ஆட்டோமேட்டிக்’ என்பதை எடுத்துவிட்டு ‘கீப் ஒரிஜினல்ஸ்’ என்று வையுங்கள். தண்ணீர் மாதிரி ஓடும்.

"பேரு தமிழ்ல வச்சேன், ஏத்த மாட்டேங்கு"

இதைப் பற்றி யாரும் எழுதுவதே இல்லை, எனக்கோ மாமா புண்ணியத்தில் மனப்பாடம். அவர் ஃபைலுக்குப் பெயர் வைக்க மாட்டார், தலபுராணம் எழுதுவார். எந்த ஊர், எந்தச் சாமி, எத்தனையாம் நாள், குடம் அடித்தது யார், உடுக்கு யார், பூசைக்கு முன்னா பின்னா எல்லாம் பெயரிலேயே இருக்கும். விண்டோஸ் அதை ஏற்றுக்கொள்ளும். டேப்லெட்டுக்குத் திருப்பி அனுப்பினால் அது மட்டும் ஏறாது.

காரணம் கணக்குதான். ஆண்ட்ராய்டில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழ் யூனிகோடில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட், அதிலும் புள்ளியும் கொம்பும் தனிக் குறியீடு என்பதால் ‘க’வுக்கு மூன்று, ‘க்’குக்கு ஆறு. ‘முத்துப்பட்டன்’ என்ற எட்டு எழுத்துப் பெயருக்கே 42 பைட் செலவு. ஆக ஐம்பது எழுத்துக்கு முன்பின்னாக நம் பெயர் முடிந்துவிட வேண்டும். விண்டோஸ் பைட்டை எண்ணாமல் குறியீட்டை எண்ணுகிறது, அதனால்தான் அங்கே இடம் தாராளமாகத் தெரிகிறது. பெயரைச் சுருக்குங்கள், தலபுராணத்தை அதே ஃபோல்டரில் ஒரு குறிப்பு ஃபைலில் எழுதி வையுங்கள். கேள்விக்குறி, இரட்டை மேற்கோள் குறி, இரட்டைப் புள்ளி, சாய்கோடு ஆகியவற்றையும் பெயரில் போட வேண்டாம், விண்டோஸுக்கு அவை ஆகவே ஆகாது.

இன்னொரு கூத்து. ‘கொடை’ என்ற பெயரில் ஒரே ஃபோல்டர் இரண்டு தடவை வந்து நிற்கும், இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான், கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் ஒன்றுதான். ‘கொ’வில் வருகிற ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு ஒரு குறியீடு, கால் ஒரு குறியீடு என்று இரண்டாகவும் எழுதலாம். ஓகாரம், ஔகாரக் குறிகளுக்கும் இப்படியே. பழைய மேக் வட்டுகள் எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்து வைக்கும், விண்டோஸும் ஆண்ட்ராய்டும் நீங்கள் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். நடுவில் மேக் வழியாக ஒரு சுற்று போய்வந்த ஃபோல்டர் என்றால் சிங்க் செய்கிற, அதாவது இரண்டு கருவியிலும் ஒரே ஃபைல்களை வைத்திருக்கப் பார்க்கிற, மென்பொருள் அதைப் புது ஃபோல்டர் என்று நினைத்து இன்னொரு தொகுதியை இறக்கிவிடும். இரண்டையும் திறந்து பார்த்து, உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று உறுதியானதும் ஒன்றை அழித்துவிட்டு, மிச்சத்தின் பெயரைப் புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள். நான் இப்போதெல்லாம் ஃபோல்டருக்கு வருடத்தையும் மாதத்தையும் எண்ணில் மட்டும் வைத்துவிடுகிறேன். தமிழ்ப் பற்று ஃபோல்டருக்குள் இருந்தால் போதும்.

முந்தைய காலத்து எம்.பி.3 சி.டி.யிலிருந்து எடுத்த பாட்டுகளில் பெயர் நன்றாக இருந்தும், டேப்லெட்டில் ஓடும்போது மட்டும் பாடியவர் பெயர் கிறுக்கலாக வந்தால், அது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் டேக், அதாவது ஃபைலுக்குள் இருக்கிற பாட்டு விவரம், எழுதியதால். எம்.பி.3 டேக் என்ற இலவச மென்பொருளில் ஃபைல் பெயரையே டேக்காக மாற்றுகிற வசதி இருக்கிறது, மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் முடித்துவிடலாம்.

"ஒயர் இல்லாம வை-ஃபையில வச்சிருந்தேன், திடீர்னு நின்னுட்டு"

மைனி வீட்டில் நடந்தது இது. பிள்ளைகள் படம் எல்லாம் டேப்லெட்டிலிருந்து கம்ப்யூட்டருக்குத் தானாகப் போய்க்கொண்டிருந்தது, ரௌட்டரை மாற்றிவிட்டுப் போன மறுநாளிலிருந்து நின்றுவிட்டது. "தம்பி, இரண்டுலயும் நெட்டு வருதே, அப்புறம் என்ன?" என்று மைனி கேட்டது நியாயம்தான். ஆனால் நெட் வருவது வேறு, ஒன்றை ஒன்று பார்ப்பது வேறு. புது ரௌட்டரில் டேப்லெட் ‘கெஸ்ட்’ வலையில் ஏறியிருந்தது. அந்த வலையில் இருக்கிற கருவி இணையத்தைத் தொடலாம், வீட்டுக்குள் இருக்கிற மற்றக் கருவியைத் தொட முடியாது. விருந்தாளியைத் திண்ணையோடு நிறுத்துகிற ஏற்பாடு. இரண்டையும் ஒரே பெயருள்ள வலையில் ஏற்றியதும் பாதி தீர்ந்தது. மீதிப் பாதி விண்டோஸில். புது வலை என்பதால் அது ‘பப்ளிக்’ என்று முடிவு கட்டிக் கதவைச் சாத்தியிருந்தது, நெட்வொர்க் அமைப்பில் ‘பிரைவேட்’ என்று மாற்றியதும் திறந்துவிட்டது.

திரை அணைந்ததும் சிங்க் நின்றுவிடுகிறது என்றால் அது டேப்லெட்டின் கஞ்சத்தனம். பேட்டரியை மிச்சம் பிடிக்கப் பின்னால் ஓடுகிற செயலியைத் தூங்க வைக்கிறது. செட்டிங்ஸில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள்.

"ஏறிட்டு, ஆனா படம் கறுப்பா இருக்கு, சத்தம் மட்டும் வருது"

டேப்லெட் ஹெச்.இ.வி.சி. வடிவில் பதிவு செய்திருக்கிறது, விண்டோஸோடு வருகிற பிளேயருக்கு அது புரியவில்லை. வி.எல்.சி. என்ற பிளேயரைப் போட்டுக்கொள்ளுங்கள். வேறொன்றும் செய்ய வேண்டாம்.

"எல்லாம் அழிஞ்சுபோச்சு"

இதை அனுபவத்தில் சொல்கிறேன், குற்றவாளி நான்தான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு வந்தபோது மாமா அத்தையைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார், கையில் ஒரு பையும் அதற்குள் ஐபேடும். கீழே இருந்த கம்ப்யூட்டர் முழுகிவிட்டது. அத்தனை வருடத்து ஒலிப்பதிவும் அதில்தான், ஆனால் ஐட்யூன்ஸ் என்ற ஆப்பிள் மென்பொருள் வழியாக அதையெல்லாம் ஐபேடிலும் ஏற்றியிருந்தோம், அதனால் கவலைப்படவில்லை. பொங்கலுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. நான் ஐட்யூன்ஸ் போட்டு ஐபேடை மாட்டினேன். ‘இது வேறொரு லைப்ரரியோடு இணைந்தது, அழித்துவிட்டு இதோடு இணைக்கவா’ என்று கேட்டது. எத்தனையோ பெட்டிகளுக்கு ‘சரி’ கொடுத்துப் பழகிய கை, இதற்கும் கொடுத்தது. புதுக் கம்ப்யூட்டரின் லைப்ரரியில் ஒரு பாட்டும் இல்லை. ஐபேட் அதைப் பார்த்து, தானும் அப்படியே காலியாகிவிட்டது.

ஐட்யூன்ஸில் பாட்டு கம்ப்யூட்டரிலிருந்து ஐபேடுக்குத்தான் போகும், திரும்பி வராது. கடையில் வாங்கிய பாட்டை மட்டும் திரும்ப எடுக்கலாம், நாமே பதிவு செய்ததை எடுக்க ஐமேசிங் மாதிரித் தனி மென்பொருள் வேண்டும். நான் அன்றைக்கு ‘கேன்சல்’ கொடுத்துவிட்டு அதைச் செய்திருக்க வேண்டும்.

உங்களுக்கு அப்படி நடந்துவிட்டால், அல்லது நடக்கப்போகிறது போல் இருந்தால், முதலில் ஒயரை உருவி வை-ஃபையை அணையுங்கள். ஒரு பக்கத்து அழிவு மறுபக்கத்துக்குப் போகாமல் நிற்கட்டும். அந்தக் கருவியில் புதிதாக ஒரு படம்கூட எடுக்க வேண்டாம். கூகுள் போட்டோஸில் அழிந்திருந்தால் குப்பைத் தொட்டியைப் பாருங்கள், மேலேற்றிய படம் 60 நாள் அதில் கிடக்கும், ஏற்றாதது 30 நாள். ஐபேடில் படம் போயிருந்தால் ‘ரீசன்ட்லி டெலீட்டட்’ ஆல்பத்தில் 30 நாளாவது இருக்கும். பாட்டுக்கு இந்த வசதி கிடையாது. சிங்க்திங் என்ற சிங்க் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள், பழைய பிரதியை வைத்துக்கொள்கிற ‘வெர்ஷனிங்’ அமைப்பை இன்றைக்கே போட்டுவிடுங்கள், அது தானாக இயங்காது.

மாமாவிடம் விஷயத்தைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. அவர் திட்டவில்லை. "சரி விடு, உடுக்கு அடிக்கிற அண்ணாச்சிகிட்ட நான் முன்ன கொடுத்த பென்டிரைவ் கிடக்கும்" என்றார். இரண்டு பேருமாகப் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தோம், பாதிக்குக் கொஞ்சம் மேல் அதில் இருந்தது. இப்போது கொடை முடிந்த மறுநாள் டேப்லெட்டை மாட்டும்போது சிங்க் பக்கமே போவதில்லை. கையால் ஒரு பிரதி கம்ப்யூட்டருக்கு, ஒரு பிரதி வெளி ஹார்டு டிஸ்க்குக்கு, ஒரு பென்டிரைவ் அண்ணாச்சி வீட்டுக்கு. அந்த ஹார்டு டிஸ்க்கை மாமா மாடியில், மச்சுப் பெட்டியில் வைத்திருக்கிறார்.